புத்தக அலமாரி சரிந்தது பற்றி அண்ணி சொன்ன வாக்குமூலம்

என் பெயர், வயது, விலாசம் மூன்றும் மேலே எழுதியிருப்பது சரி. தையல் கடை வைத்திருக்கிறேன். தலையில் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர் என் கணவர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். அவரை அடித்ததாகச் சந்தேகப்பட்டு நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பது அவருடைய தம்பியை, அதாவது என் கொழுந்தனை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். அவர் அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று கீழ் வீட்டுக்காரர் சொல்லியிருப்பது உண்மை. எங்கள் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர், ஆனால் இந்த விஷயத்தில் அவர் தப்பாக ஒலிபரப்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொழுந்தனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அண்ணன் பயந்துவிடுவார் என்று காதும் காதும் வைத்தாற்போல முடித்துக்கொண்டார். அதை என் கணவர் மருந்துக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டார். ஊரானுக்குத் தெரிந்தது உடன்பிறந்தவனுக்குத் தெரியவில்லையா என்று அன்றைக்கு மூடிய வாய்தான். ஆனாலும் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார். அண்ணனிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் கணவருக்கு அதை நான் திரும்பச் சொன்னால்தான் பதில் வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் பிழைப்பு.

எங்கள் கூடத்தில் நாலடி அகலப் புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டில் செய்தது, பலகைகளுக்கு நடுவில் தாங்கல் கிடையாது. தடித் தடியான உலக வரைபடப் புத்தகங்களையெல்லாம் என் கணவர் கைக்கு எட்டும்படி நட்டநடுவில் அடுக்கியதில், அவருக்கு இல்லாத தொந்தி அந்தப் பலகைக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், பிறகு அந்தப் பக்கமும் தொய்யும். இந்த வருடம் விரிசல் சத்தம் கேட்டது. அதனால் நான்தான் கொழுந்தனிடம் சரிசெய்து தரச் சொன்னேன்.

அதன் பிறகு நேற்று காலை கொழுந்தன் மரச்சட்டங்களும் துளை போடும் மெஷினும் எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தாங்கல் நிறுத்த வேண்டும், பலகையின் முன் விளிம்பில் நீளத்துக்கு ஒரு சட்டம் வைத்து முடுக்க வேண்டும், அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். கனமானதை இரண்டு ஓரத்திலும் லேசானதை நடுவிலும் வைத்தாலே பாதி தீரும் என்று என் கணவரும் என்னிடம் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் சொன்னதை மற்றவர் சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு, புத்தகம் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லுங்கள் என்றார் கொழுந்தன். "வரிசை கலைஞ்சா நான் எதைத் தேடி எடுக்கறது? கீழ்த்தட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லு" என்றார் என் கணவர். கீழ் வீட்டில் கேட்ட சத்தம் இதுதான். இரண்டு பேரும் கத்தியது உண்மை, ஆனால் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

கடைசியில் கீழ்த்தட்டை மட்டும் காலி செய்துவிட்டு, என் கணவர் புத்தகங்களோடு இருந்த மேல்பலகையைக் கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் குனிந்து கீழே தாங்கலைப் பொருத்திக்கொண்டிருந்தார். அப்போது வாசல் மணி அடித்து, கூரியர் வந்திருந்ததால் நான் கையெழுத்துப் போடப் போனேன். நான் அங்கே இல்லாததைக் கவனிக்காமல் கொழுந்தன், "அண்ணி, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறார். இது என் கணவர் காதில் தெளிவாக விழுந்ததாம். ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லையாம், அதனால் நான் வந்து சொல்லட்டும் என்று சும்மா இருந்தாராம். இதை இன்று காலை நினைவு தெளிந்ததும் அவரே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டும் செய்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் பலகை தாங்கு ஆணியிலிருந்து நழுவி, அலமாரியே முன்னால் சாய்ந்திருக்கிறது. "அண்ணா, தள்ளிப் போ!" என்ற சத்தம் மட்டும் வாசலில் எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஓடி வந்து பார்த்தபோது கொழுந்தன் அலமாரியை முதுகில் தாங்கிக்கொண்டு குனிந்து நின்றார். அவர் பிடித்துத் தள்ளியதில் என் கணவர் போய் மேஜை முனையில் மோதி, தலையில் ரத்தம் வந்தது. தள்ளினார் என்பதை நான் மறைக்கவில்லை. தள்ளாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே வேறு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு நானும் கூரியர் பையனும் சேர்ந்து அலமாரியை நிமிர்த்தினோம். கொழுந்தன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். சட்டையில் இருந்த ரத்தம் அப்படி வந்ததுதான். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பது சும்மா சொன்னதில்லை. கொழுந்தனின் சட்டையைக் கழற்றி முதுகைப் பாருங்கள். பலகை விளிம்பு பதிந்த காயம் குறுக்கே ஒரே கோடாக இருக்கும். சண்டை போட்டவனுக்கு அந்த இடத்தில் அப்படிக் காயம் வராது. அதற்கும் யாராவது மருந்து போட வேண்டும். தனக்கு வலிக்கிறது என்று அவராகச் சொல்ல மாட்டார், அது அவர் சுபாவம்.

என் கணவரை ஏன் உள்ளே அழைத்து வரவில்லை என்று கேட்டதற்குச் சொல்கிறேன். டாக்டர் இன்னும் ஒரு நாள் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். தம்பியிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்று டாக்டர் பேச்சையும் மீறி, தலைக் கட்டோடு என்னுடன் வாடகைக் காரில் ஏறிவிட்டார். படியேற முடியாமல் உங்கள் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கொழுந்தனை அந்தக் கார் வரைக்கும் அனுப்புங்கள். நான் அவர்கூடப் போகவில்லை, இந்த பெஞ்சிலேயே இருக்கிறேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நடந்த உண்மை.

(கையொப்பம்)