டீச்சர் ஒரு தடவை அலறியிருந்தால்

எனக்கு இருட்டென்றாலே பயம், சார். பேய் வேலை கிடைத்தபோது வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இது விளையாட்டுக்காகப் பாழடைந்த ஆஸ்பத்திரி மாதிரி ஜோடித்த அறை. விளையாட வருகிறவர்கள் செல்போனை வெளியே கொடுத்துவிட்டு, ஒளித்துவைத்த சாவியைத் தேடி எடுத்துத் தப்பிக்க வேண்டும். கதவு வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும். உள்ளேயிருந்து சாவி போட்டால்தான். நடுவில் நான், செத்துப்போன நர்ஸாக, தலைவிரிகோலமாகத் திரிவேன். என்னைத் தொட்டால் ஆட்டம் தோற்றதாகக் கணக்கு.

ஒரு கணக்கு டீச்சர், கணவரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வாராவாரம் வருவார். நான் கட்டிலுக்கடியிலிருந்து உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்தால், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பார். நாத்தனார் ஒருநாள் கைப்பையை நீட்டி, "இதைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்றார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பேய்க்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

கேமராவில் இதைப் பார்த்த முதலாளி, "உன்னைப் பார்த்து ஒரு ஆளும் பயப்படல. ஒரு பொம்மையை வாங்கி மாட்டிடறேன்" என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது.

அடுத்த முறை டீச்சர் வந்தபோது சாவியை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான்.

"கொடுங்க தம்பி."

"என்னைப் பார்த்து ஒரு தடவை அலறுங்க, தர்றேன்."

நியாயமாகத்தான் கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். சரியான ரோஷக்காரர். கணவர் சாவியைப் பிடுங்கப் பாய்ந்தார். டீச்சரே குறுக்கே விழுந்து தடுத்தார். "தொடாதீங்க! தோத்துருவோம்!"

பிறகு அடுத்த குழு வந்தது. "கதவைப் புடிங்க!" என்று டீச்சர் ஓடினார். அதற்குள் சாத்திக்கொண்டது. வந்தவர்கள் வீல் என்று அலறினார்கள், டீச்சரைப் பார்த்து. "அடேயப்பா, இந்தம்மா என்னமா நடிக்குது!" என்று கைதட்டல் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அவர்களுக்கும் சாவி தரவில்லை. பிடுங்க வந்தவர்களையும் டீச்சரே தடுத்துவிட்டார். இப்படியே குழு குழுவாகச் சேர்ந்துவிட்டது. அதோ தெரிகிற கழிப்பறைக் கதவு வெறுமனே சுவரில் வரைந்த படம் என்பதில் எனக்கும் வருத்தம்தான்.

"சம்பளம் கேட்காத இத்தனை நடிகர்களை எங்கடா புடிச்சே?" என்று பாராட்ட முதலாளியே உள்ளே வந்தார். அதோ, ஸ்ட்ரெச்சருக்கு அடியில் சுருண்டிருக்கிறாரே, அவர்தான்.

நீங்கள் வந்ததும் "போலீஸ் வேஷம் கச்சிதம்" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் கதவை இழுத்துப் பார்த்ததையும் பார்த்தேன். ஆமாம், இவ்வளவு பேரையும் அடைத்து வைத்தது நான்தான். யாரையும் நான் வதைக்கவில்லை. மனதார ஓர் அலறல் கேட்டால் இந்த நிமிஷமே திறந்துவிடுவேன்.

இப்போது நீங்கள் போட்ட சத்தம் கணக்கில் வராது, சார். அது கோபம், எனக்கு வித்தியாசம் தெரியும்.