இன்னும் மூன்றடி செம்பு

தகரக் கூரையில் ஒரு கல். இன்னொன்று. மூன்றாவது கதவில். புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். பிள்ளையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறேன். ஐந்து மாதம். அவள் அழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

"டிஃபே! டிஃபே!"

தெருவில் யாரோ கத்துகிறார்கள். தீ. மூன்று வீடு தள்ளி.

கணவர் எங்கள் லாரியின் முன்னால் குனிந்து கம்பியை முறுக்குகிறார். லாரி கிளம்பினால் கான் தெ மாஸ்க் கிராமத்தில் அக்கா வீடு. கிளம்பாவிட்டால் இந்த முற்றம்தான்.

எங்கள் தீவின் விடுதலைக்கு முந்தைய ஜனவரி அது. தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு கும்பல்கள் வெட்டிக்கொண்டன. நாங்கள் எதிலும் இல்லை. கல் எங்கள் கூரையிலும் விழுந்தது.

எங்கள் பேட்டையான டிராங்கெபாரில் வண்டி வைத்திருந்தவர்கள் ஞாயிறன்றே பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள். கும்பல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. எங்கள் இரண்டு கம்பிகளையும் ஒளித்துவைப்பது என் பொறுப்பு. வீட்டில் தேடுவார்கள் என்று நினைத்தேன். கல் சுவரும் இரும்புக் கதவும் உள்ள மூலைக் கடையில் கொடுத்துவைத்தேன். செவ்வாய் மாலை கடை எரிந்தது. சாம்பலைக் கிளறினேன். ஈயத் தலைகள் உருகிப்போயிருந்தன. செம்பு கையில் பொடிந்தது. வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

டீசல் வண்டி. கையால் சுழற்றிக் கிளப்ப முடியாது. தள்ளுவதற்கு முற்றத்தில் இடமில்லை. கடைகள் அடைப்பு. கம்பியை நாங்களே செய்தாக வேண்டும்.

புதன் காலையில் பொருள் தேடினோம். தண்ணீர்க் குழாயின் செம்பை அறுத்து, தட்டையாக அடித்து, துளையிட்டு, முனைகள் செய்தார் கணவர். உறைக்கு அவருடைய தம்பி மூருகேனின் சைக்கிள் டியூப். தடித்த கம்பி மட்டும் இல்லை. பிள்ளையின் துணியில் முடிச்சுப் போட்டு நீளம் குறித்துக் கொடுத்தேன். மூருகேன் இரண்டு தெரு தள்ளியிருந்த வெல்டிங் பட்டறைக்கு ஓடினான். விரல் தடிமன் செம்புக் கம்பி கொண்டுவந்தான். ஒன்றுக்குத்தான் இருந்தது. இரண்டாவதை வெட்டுவதற்குள் கல் விழுந்ததாம்.

"போதும். மத்ததுக்கு இரும்புக் கம்பியை முறுக்கிப் போடறேன்" என்றார் கணவர்.

நான் விடவில்லை. "இரும்பு சூடாகும். பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். நடுவழியில நின்னா? பிள்ளையோட?"

மூருகேன் சிரித்தான். "வுயி, மிஸ்! சரிங்க, மிஸ்! மிஸ் சொன்னா கேக்கணும், அண்ணா." முடிச்சுத் துணியைத் தூக்கிப் பார்த்தான். "இன்னும் மூணடி செம்பு. அதுக்கு மேல ஒரு சாண். உங்களுக்கு எப்பவும் ஒரு சாண் கூடத்தான் வேணும், அண்ணி. டிஸ் மினிட். பத்தே நிமிஷம்."

மணி ஒன்று நாற்பது.

ஒன்று ஐம்பது. வரவில்லை. இரண்டு மணி. வரவில்லை. இரண்டு ஐந்துக்குப் பட்டறைப் பக்கம் கூச்சல். கண்ணாடி நொறுங்கியது. பிறகு இரண்டு வெடிச் சத்தம். துப்பாக்கியா, டயரா, தெரியாது. கணவர் குறடை எடுத்தார். முற்றத்துத் துணிக்கொடியின் இரும்புக் கம்பியை வெட்டினார். பிள்ளையின் துணிகள் மண்ணில் விழுந்தன. பன்னிரண்டு இழையாக மடித்தார். முறுக்கத் தொடங்கினார்.

பின் கதவில் கோடரி விழுகிறது. பலகை பிளக்கிறது.

"சோவே! பின்னால வந்துட்டாங்க! ஓடுங்க!" சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி.

கணவர் கம்பியைப் பூட்டிவிட்டு ஏறிக் கிளப்புகிறார். எஞ்சின் முனகுகிறது. நிற்கிறது. மறுபடி முனகுகிறது. இரும்பு புகைகிறது. மூன்றாவது முறை பிடித்துக்கொள்கிறது. வாசல் படலை இடித்துக்கொண்டு வெளியே வருகிறோம். கணவர் பட்டறை வழியாகத்தான் ஓட்டிப் போனார். தெரு முழுக்கத் தீ. ஒருவன் ஓட்டுநர் பக்கக் கதவில் தொங்கினான். கரும்பு வெட்டும் கத்தி இறங்கியது. என் மடியில் ரத்தம். பிள்ளையுடையது என்று நினைத்தேன். இல்லை. கணவரின் கையிலிருந்து. அவர் வண்டியை நிறுத்தவில்லை. நான் "மூருகேன், மூருகேன்" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் பட்டறைக்குப் பின்னால், வாய்க்காலில் அவனைக் கண்டெடுத்தார்கள். கழுத்தில் வெட்டு. சட்டைக்குள், இடுப்பைச் சுற்றிச் செம்புக் கம்பி. கணவர் அதை அளந்தார். மூன்றடி. ஒரு சாண் கூடுதல்.

லாரி நடுவழியில் நிற்கவில்லை. ஒருமுறை கிளம்பிவிட்டால் டீசல் எஞ்சினுக்கு அந்தக் கம்பியே தேவையில்லை என்று பல மாதம் கழித்துச் சொன்னார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

போனவை: மூருகேன், வயது இருபத்தாறு. கணவரின் வலக்கை விரல்கள் இரண்டு. வீடு. அவனுடைய சைக்கிள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையின் துணிகள், ஏழு. அந்தக் கொடிக் கம்பியில் காலையில் அவற்றை உலர்த்தியது நான்தான்.