தெரியாத முகவரியிலிருந்து வந்தவை

பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலில் வழவழப்புப் பிடிக்காமல் இருக்க, அலுமினியத் தாளைக் கிழித்துக் கோலிக்குண்டு அளவில் உருட்டிப் போட்டுவைத்தால் போதும். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், ஐயா. ஆரம்பம் இதுதான்.

எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படித்தவர் தம் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். அதன் கடைசித் தாளில் வீட்டுக் குறிப்புகள் எழுதுவது என் பொறுப்பு. வேறு யாரும் முன்வரவில்லை; என் கணவர் போன பிறகு எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. அரிசி கழுவிய நீரில் வேகவைத்தால் முள்ளங்கியின் கசப்புப் போகும் என்று எழுதுவேன். குளியலறைப் பூஞ்சைக்கு அடிக்கும் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள் என்று எழுதுவேன். மோசடிகள் பெருகியபோது மின்னஞ்சல் பற்றியும் எழுதச் சொல்லி உங்கள் காவல் நிலையத்திலிருந்தே கேட்டார்கள். அதையும் எழுதினேன். தெரியாத முகவரியிலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள். "நான்தான், போன் மாறிவிட்டது" என்று மகன் பெயரில் யாராவது எழுதினால் நம்பாதீர்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொண்டு, அதைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்காகக்கூடப் பதில் போடாதீர்கள்.

இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா என்றே தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் கிகுயோ-சான் என்ற அம்மாள் ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"மிசாவோ-சான், நீங்க சொன்ன உருண்டையப் போட்டேன். எங்க வீட்டுத் தொட்டி இப்ப என் மூஞ்சியவிடப் பளபளன்னு இருக்கு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார். மறுநாள் நான் முள்ளங்கி கொண்டுபோனேன். பிறகு ராத்திரிச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மேசையில் என்று ஆகிவிட்டது. அவருக்குக் கண் மங்கல். மகன் ரியோஜி வாங்கிக் கொடுத்திருந்த டேப்லெட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். ஒசாகாவில் லாரி ஓட்டும் ரியோஜி எழுதுவதை நான் படித்துக் காட்டுவேன். அவர் சொல்லும் பதிலைத் தட்டுவேன். வீட்டுத் தொலைபேசி இணைப்பு இருந்தது. மோசடிக்காரர்கள் அதில்தான் வருகிறார்கள் என்று சொல்லி, அதை எடுத்துவிடச் சொன்னது நான்தான். அப்போது நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

ரகசியச் சொல்லை அவரே தேர்ந்தெடுத்தார். ரியோஜி சிறுவயதில் ஓர் ஆமை வளர்த்திருக்கிறான். அதன் பெயர் மேயர்.

"ஏன் மேயர்?" என்று கேட்டேன்.

"நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாது. சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டா மட்டும் தலைய வெளிய நீட்டும். வேற என்ன பேர் வைக்கிறது?"

அன்று இருவரும் அப்படிச் சிரித்தோம். அந்த வீட்டுக்குள் போட எனக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது, ஐயா. பச்சை நிறம். அவரே வாங்கி வைத்தது.

பனிக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு புதிய முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "அம்மா, நான்தான் ரியோஜி. போன் உடைந்துவிட்டது, எண்ணும் முகவரியும் மாறிவிட்டன. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்." நான் பலகையில் எழுதியிருந்த மாதிரியேதான் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"கேளுங்க, கேளுங்க. ஆமை பேரைக் கேளுங்க" என்றார் கிகுயோ-சான். முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

கேட்டேன். உடனே பதில் வந்தது. "மேயர். ஓட்டில் இடப்பக்கம் ஒரு சில்லுப் பெயர்ந்திருக்கும். அம்மா, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெயர் சாயே. முன்பே சொல்லத் தயங்கினேன். கீழ்த்தளத்தில் உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறோம். அங்கே பனியோடு இனியும் மல்லுக்கட்ட வேண்டாம். இங்கேயே வந்துவிடுங்கள்."

"என்ன சொல்றான்?"

"ஞாபகம் இல்லையாம்" என்றேன்.

"பாத்தீங்களா, திருட்டுப்பய. மேயரைத் தெரியாதவனெல்லாம் என் புள்ளையா?" அவர் சிரித்துவிட்டு முள்ளங்கியைச் சட்டியில் போட்டார். அன்று வெந்தது நன்றாக இருந்தது.

நான் கோபத்தில் செய்யவில்லை, ஐயா. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். மறுபடி ஒற்றை ஆளுக்கு அரிசி அளந்து போடுவதை நினைத்தபோதே கை ஓய்ந்துபோனது. கிகுயோ-சான் சொல்வது போலவே ஒரு பதில் எழுதினேன். "எனக்கு இங்கே சௌகரியம்தான். இந்தக் குளிர்காலம் என்னைத் தொந்தரவு செய்யாதே." பனி உருகியதும் நானே வருகிறேன் என்று ரியோஜி எழுதினார். அந்த முகவரியிலிருந்து வருவதெல்லாம் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போகும்படி செய்தேன். எரிக்கும் குப்பையை வெளியே வைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பெட்டியையும் காலி செய்துவிடுவேன். குப்பையைச் சேரவிடக் கூடாது.

திறக்காமலே அழித்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது சரியல்ல. திறந்து படித்தேன். கணையத்தில் கட்டி என்று எழுதியிருந்தார். அறுவைக்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதினார். கல்யாணத்தைச் சொல்லாத கோபம் இன்னும் இருந்தால் வந்து திட்டிவிட்டாவது போங்கள் என்று எழுதினார். கடைசியில் வந்தவை சாயே என்ற பெண் எழுதியவை. எதற்கும் நான் பதில் போடவில்லை. பதில் போட்டால் பேச்சு வளரும்.

கிகுயோ-சான் பழைய முகவரிக்கு எழுதச் சொல்வார். தட்டிவிட்டு, அனுப்பியாயிற்று என்பேன்.

"ஒரு வரி எழுதக் கையா ஒடிஞ்சுபோச்சு இவனுக்கு? அப்பன் புத்தி அப்படியே" என்பார். பிறகு எழுந்து சன்னலோரம் போய்த் தெருவைப் பார்ப்பார். நான் தேநீரை மாற்றி ஊற்றுவேன்.

பனி உருகியதும் அந்தப் பெண் வந்தாள். கறுப்பு உடுப்பு, கையில் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி. அஸ்திப் பெட்டி என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. கிகுயோ-சான் கதவைத் திறக்கவில்லை. நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, துளை வழியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் ரியோஜியோட மனைவிங்க. அவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"எம் புள்ளைக்குக் கல்யாணமே ஆகலம்மா. பனிக்கு முன்னால மின்னஞ்சல், இப்ப நேர்லயேவா? வாசல்ல வந்து அழுறது புதுசா இருக்கே. இரு, போலீசக் கூப்பிடுறேன்."

முதியோருக்காகச் சுவரில் வைத்திருக்கும் அவசரப் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டார். அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள், ஐயா. எதைச் சொன்னேனோ அதை ஒன்றுவிடாமல் செய்தார். நீங்கள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் படியிறக்கப் போனபோது அவள் திரும்பிக் கதவைப் பார்த்து, "மேயர்" என்றாள். "அம்மா நம்பலன்னா இதச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போனாரு. மேயர்."

கதவு திறந்தது. அவர் காலில் செருப்புகூட இல்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தலையைத் தூக்கி என் கதவைப் பார்த்தார்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒரு ராத்திரிகூடத் தனியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றும் முள்ளங்கி வேகவைத்துக் கொண்டுபோனேன். கதவுத் துளையில் நிழல் தெரிந்தது.

"யாரு?"

"மிசாவோதான்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

எனக்கு வருத்தமில்லை, ஐயா. தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.