நூல்காரரிடம் சொல்லாத வார்த்தை

"நூல்காரர் வீட்டு நாயைக்கூட நலம் விசாரிச்சுட்டேன் வே! ஒரு மூட்டை நூல் தரமாட்டேங்காரு!"

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பஸ் கிளம்பியதும், முன் இருக்கையிலிருந்த தறி முதலாளி பக்கத்திலிருந்த நண்பரிடம் வெடித்தார்.

"மத்தவங்களுக்கு?"

"குடுக்காரே! எனக்கு மட்டுந்தான் தட்டுப்பாடாம். எட்டுத் தறியும் சும்மா கெடக்கு. ஆளுக எல்லாம் வேற தறிக்குப் போயிட்டாங்க."

"பத்து வருசமா அவருகிட்டத்தானே வாங்குதீரு?"

"ஆமா. நூல் அறுந்துச்சுன்னா அன்னைக்கே போயிச் சண்டை போடுவேன்."

"நல்ல நூல் வந்தா?"

"அதுக்கு எதுக்குவே போகணும்?"

பஸ் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டியது.

"இன்னைக்கு ராஜபாளையத்துல அவருகிட்டப் போயி என்ன கேக்கப் போறீரு?" என்றார் நண்பர்.

"ஒண்ணும் கேக்கல. போன தீவாளிக்கு வந்த நூல் ஒரு இழைகூட அறுந்துபோகல. அதைச் சொல்லிட்டு வாரேன்."