பூசைக்குக் கழற்றிய தடுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் பாலுசாமி ஐயா அவர்களே, அமீர் ஹம்சா பாயின் மகள் நஸ்ரியா அக்கா அவர்களே, பட்டறை முதலாளிமார்களே, வேலை உடையோடே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் லோகப்பிரியா, ஐயாவின் பட்டறையில் மேற்பார்வையாளர். மைக்கில் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர் ஜனாப் அமீர் ஹம்சா அவர்கள் ஒவ்வொரு விஜயதசமிக் காலையிலும் எங்கே இருந்தார்? நம் கணபதி வட்டாரத்துப் பட்டறைகளில் இருந்தார். ஆயுத பூசைக்குத் துடைத்துப் பொட்டு வைக்க, தகடு அழுத்தும் பிரஸ் எந்திரத்தின் கம்பி வலைத் தடுப்பைக் கழற்றுகிறோம். அச்சுக்குள் கை போகாமல் காப்பது அந்தத் தடுப்புதான். மறுநாள் அதை மாட்ட மறந்துவிடுகிறோம். நாம் மறந்தோம், அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை!

சென்ற ஆண்டு மறந்தவள் நான். பார்க்காமலேயே ‘தடுப்பு மாட்டப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். சின்னாத்தாள் அக்கா பிரஸ்ஸை ஓட்டத் தொடங்கிவிட்டார். பாய் உள்ளே நுழைந்தார். நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

“ஏனுங்க பாய், நல்ல நாளதுவுமா நிறுத்திப்போட்டீங்க? மத்தியானம் மாட்டிக்கலாமுங்க” என்றார் ஐயா.

“சரிங்க மொதலாளி. அது வரைக்கும் நீங்க உக்காந்து ஓட்டுங்க. சின்னாத்தா டீ குடிச்சுப்போட்டு வரட்டும்.”

ஐயா உட்காரவில்லை! எல்லோரும் தேடினோம். தடுப்பு பொரி மூட்டைக்கு அடியில் கிடந்தது. பாய் மாட்டி முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. சின்னாத்தாள் அக்காதான் மெதுவாகக் கேட்டார்: “அம்மணி, நீ எழுதுனத நம்பித்தான உக்காந்தேன்?”

அக்கா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், பத்து விரல்களோடும். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பாய் போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். இந்த விஜயதசமிக்கு யார் வருவது?

நான் வருகிறேன், அக்கா. பதினெட்டுப் பட்டறைக்கும் வருகிறேன். ஒவ்வொரு தடுப்பையும் தொட்டு, அசைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். முதலாளிமார்களே, அதுவரை மெயினைப் போடாதீர்கள். நேரமாகிறது என்று நீங்கள் அவசரப்படுத்தினால், பாயைப் போல மறுமொழி சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுவிட்சுப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். நகர மாட்டேன்.