ஒத்தக்காது ராஜாவுக்கு மார்க்

இல்ல தம்பி, பொம்மையோட மூஞ்சிய விடுங்க. எல்லாரும் மூஞ்சியத்தான் முதல்ல காட்டுவாங்க. மூஞ்சிய எவன் வேணா செஞ்சிடுவான், போட்டோ கிடைக்குதுல்ல. எனக்கு மூக்கு ஓட்டை முக்கியம். அந்த டார்ச்ச இப்படிக் குடுங்க. பல் டாக்டர் வாய்க்குள்ள விட்டுப் பாக்கற கண்ணாடி ஒண்ணு பேய் காலடியில கிடக்கு பாருங்க, அதையும் எடுங்க. பயப்படாதீங்க, அது நம்ம பேய் பொம்மைதான். ஆள் உயரத்துக்கு நிக்குதுன்னு எல்லாரும் மிரளுறாங்க. பழகிட்டா அது மேல துணி காயப்போடலாம்.

ம்... ஓட்டை சரியாத்தான் இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. படத்துல இந்த ராஜா வேஷம் போட்ட நடிகருக்கு அப்படித்தான். பாதிப் பேரு ரெண்டையும் ஒரே அளவுல குடைஞ்சு வச்சிட்டு, அச்சு அசல் அப்படியே இருக்கும்மான்னு வந்து நிப்பாங்க. எனக்கு வர்ற கோவத்துக்கு...

எங்க வாங்கினதுன்னு சொன்னீங்க? மூடப்போற கடையிலயா? சரி. இல்ல, பெயின்ட் வாசனை இன்னும் போகலியே, அதான் கேட்டேன். ஓ, மேல ஒரு கோட்டிங் அடிச்சீங்களா. நீங்களேவா? ஆள் வச்சா. சரி சரி. நான் என்ன போலீஸா தம்பி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன கூட்டி வச்சுக்கோங்க. இவ்வளவு பெரிய ராஜாவ ஒத்த ஆளா தூக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கீங்க, வேர்க்காம என்ன பண்ணும். நான் மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மூணாவது படி ஆடும்னு கத்தலாம்னு வாயத் தொறக்கறேன், நீங்க அழகாத் தாண்டி வந்துட்டீங்க. வர்றவங்க எல்லாரும் அதுல ஒரு தடவ தடுக்கி விழுந்துட்டுத்தான் வருவாங்க.

கீழ வண்டியில இன்னொண்ணு இருக்கு போல? முன் சீட்டுல, துணியப் போட்டு மூடி... அதுவும் பொம்மையா? ராணியா? அப்ப ஜோடியாத்தான் வாங்கியிருக்கீங்க. வெயில்ல கிடக்கே, மெழுகா? ஃபைபரா. ஃபைபர்னா தாங்கும்.

எவ்வளவு பெறும்னா, பறக்காதீங்க. நான் ரெண்டு விஷயம் சொல்லுவேன். படத்துல வர்ற ஆள் மாதிரியே இருக்கா, அதுக்கு நூத்துக்கு மார்க். என்ன விலை பெறும், அது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்கதான் எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் போறாங்க. ஒரு வீட்டுல வில்லன் பொம்மைய ஹால்ல நிறுத்தி வச்சிருந்தாங்க. கேவலமான பொம்மை, தாடைய பாத்தா அழுகையே வரும். அந்த வீட்டு மாமனார் ஊர்லேருந்து வந்தவரு, கண்ணு சரியாத் தெரியாதா, அதுகிட்ட அரை மணி நேரம் பேசிட்டு, மாப்பிள்ளை தங்கமான பையன், குறுக்க ஒரு வார்த்தை பேசலன்னு மெச்சிட்டுப் போனாராம். மார்க் என்னவோ முப்பதுதான் போட்டேன். ஆனா அந்த வீட்டு மருமகன் என்ன விலை குடுத்தாலும் அத விக்க மாட்டாரு. மாமனார் வரும்போதெல்லாம் அதத்தான் முன்னாடி நிறுத்தறாராம்.

இந்தப் பேய் கதை தெரியுமா உங்களுக்கு? படத்துல இது செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. ஆனா செவுத்துக்குள்ளேருந்து கைய நீட்டற சீன்ல மட்டும் மணிக்கட்டுல வாட்ச் தெரியும். நடிச்ச பொண்ணு கழட்ட மறந்துட்டா. அப்ப பொம்மைக்கும் வாட்ச் வேணும்ல? படத்துல தப்பு இருந்தா பொம்மையிலயும் அந்தத் தப்பு இருக்கணும், அதான் எங்க தொழில். செஞ்சவன் கெட்டிக்காரன், வாட்ச் கட்டித்தான் குடுத்தான். வாங்கினவரு பல் டாக்டரு. ரொம்பப் படிச்சவரா, பேய்க்கு எதுக்கு வாட்ச்னு கழட்டி மச்சானுக்குக் குடுத்துட்டாரு. அங்கயே பாதி விலை போச்சு. நான் சொன்னதும் மனுஷன் தலையில கை வச்சுக்கிட்டு போனவருதான். பேயும் இங்கயே, கண்ணாடியும் இங்கயே. மச்சான் வாட்ச குடுக்க மாட்டேங்கறானாம்.

இப்ப உங்க ராஜா. காது பாப்போம். இடது காது இல்ல. நல்லது. இந்தப் படத்துல அதான் தலைவலி. சண்டையில ராஜாவுக்குக் காது போகும். இடைவேளைக்கு முன்னாடி இடது காது இருக்காது. இடைவேளைக்கு அப்பறம் வலது காது இருக்காது. போன காது முளைச்சிருக்கும், இருந்த காது போயிருக்கும். எடுத்தவங்க ஒருத்தருக்கும் தெரியல பாருங்க. அதனால நான் இடுப்பப் பாப்பேன். தோல் பெல்ட்டுன்னா இடைவேளைக்கு முன்னாடி, இடது காது இருக்கக் கூடாது. உங்களுது தோல் பெல்ட்டு. சரியா இருக்கு. செஞ்சவங்க படத்த ரசிச்சுப் பாத்திருக்காங்க. ஒருத்தர் ரெண்டு காதோட ஒரு ராஜாவ தூக்கிட்டு வந்து, சண்டைக்கு முன்னாடிம்மான்னாரு. படத்துல சண்டைக்கு முன்னாடி ராஜா கைக்குழந்தையாத் தொட்டில்ல கிடக்கறாருய்யான்னு திருப்பி அனுப்பிட்டேன்.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க தம்பி? வயரிங்கா. வீட்டு வயரிங்கா, ஃபேக்டரியா? ஓஹோ, பொம்மைக்கு உள்ள வைக்கிற லைட்டெல்லாம் கூடப் பண்ணுவீங்களா. பரவாயில்லயே. அப்பா அம்மா? அக்கா மட்டும்தானா. நல்லா வளத்திருக்காங்க, நின்னுக்கிட்டே பேசறீங்க. உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. சும்மா கேட்டேன், பேச்சுக்கு. பொம்மைய மட்டும் பாத்தா போதுமா, கொண்டு வந்தவங்களையும் பாக்கணும்ல.

யாருக்குக் குடுக்கப் போறீங்க இத? பரிசாவா. பெரியவங்க ஒருத்தருக்கா. அவங்களுக்குப் பிடிக்கணுமேன்னுதான் மார்க் கேக்கறீங்களா. பயப்படற மாதிரி ஆளா அவங்க? அடேயப்பா, இப்படித் தலைய ஆட்டறீங்க.

என் பொண்ணும் பொம்மைதான் செய்யறா. இந்த ரூமுலதான் கத்துக்கிட்டா, அந்த மேசைக்கு அடியில உக்காந்து. இப்ப வேற ஊர்ல, பெரிய பட்டறையில. கெட்டிக்காரி. வாய் மட்டும் என்னைய மாதிரி. போன மாசம் போன் பண்ணி, அம்மா ஒருத்தரப் பாத்து வச்சிருக்கேங்கறா. எனக்குன்னா சந்தோஷம் தாங்கல. கூட்டிட்டு வாடின்னேன். முடியாதுங்கறா. ஏன்டின்னா, நீ டார்ச் அடிச்சு மூக்கு ஓட்டை பாப்ப, டேப்பு வச்சு தோள அளப்ப, அந்த மனுஷனுக்கு மார்க் போடுவ, அப்பறம் வாழ்நாள் பூரா அந்த மார்க்க சொல்லிக்கிட்டே இருப்ப, நாங்க பேசாம ஆபீசுல போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கறோம், நீ அப்பறமா போட்டோவுல பாத்துக்கோங்கறா.

போட்டோவுலயாம். பெத்தவ நான், போட்டோவுல பாக்கணுமாம். போன வச்சிட்டு அழுதேன் தம்பி, மறைக்க என்ன இருக்கு. பக்கத்துல சாஞ்சுக்க யாரு இருக்கா, இந்தப் பேயைக் கட்டிக்கிட்டுத்தான் அழுதேன். அதுக்கு விக்கு கலைஞ்சு போச்சு. என் ஒத்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் இல்லாம... சரி விடுங்க. உங்ககிட்ட எதுக்கு இதெல்லாம். அப்பறம் நானா கூப்பிடவும் இல்ல. ரோஷம்தான். அவளுக்கும் ரோஷம், எனக்கும் ரோஷம், நடுவுல போன் சும்மா கிடக்கு.

என்ன சொல்றீங்க? அவங்களுக்கும் வருத்தமா இருக்கும்னா? இருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும்? பொதுவாச் சொன்னீங்களா. சரி.

கொஞ்சம் தள்ளுங்க, ஜன்னலச் சாத்தறேன், தூசி வருது. ம்ம். உங்க ராணி முன்னாடி நேரா உக்காந்திருந்துச்சு, இப்ப கொஞ்சம் சாஞ்சிருக்கு போல. காத்துக்கா? இருக்கும் இருக்கும்.

கடைசியாக் கை. கைதான் ஆளக் காட்டிக் குடுக்கும். ஏன்னா, இந்தத் தொழில்ல எல்லாரும் ஒரே தப்பப் பண்ணுவாங்க. மூஞ்சிய போட்டோ பாத்துச் செய்வாங்க. கைன்னு வந்ததும் போட்டோவ மூடி வச்சிட்டுத் தன் கையப் பாத்தே செஞ்சிடுவாங்க. முன்னாடியே இருக்கே, எதுக்குத் தேடணும்னு. ஒருத்தன் இருந்தான், சுண்டு விரல் கோணல். அவன் செஞ்ச ஹீரோ, ஹீரோயின், கொரில்லா, எல்லாத்துக்கும் சுண்டு விரல் கோணல். பத்து அடி தூரத்துலேருந்தே அவன் வேலைன்னு சொல்லிடுவேன்.

ராஜாவோட இடது கை மேல, தோளுக்குக் கீழ, தடுப்பூசித் தழும்பு இருக்கணும். ஆமா தம்பி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்குத் தடுப்பூசித் தழும்பு! நடிகரோடது, மேக்கப்புல மறைக்க விட்டுட்டாங்க. அந்தத் தழும்பு இல்லாத ராஜாவ நான் கையால தொட மாட்டேன். உங்களுதுல இருக்கு. ஆனா படத்துல அது சட்டை பட்டன் மாதிரி வட்டம். இது... டார்ச்சக் கிட்டக்கப் பிடிங்க... வட்டத்துக்குக் கீழ ஒரு வால். தலைப்பிரட்டை மாதிரி. தெரியுதா?

தப்பு. ரெண்டு மார்க் போச்சு.

இல்ல இல்ல, பெயின்ட் வழியல. நான் சொல்றேன் அந்த வால் எப்படி வந்துச்சுன்னு. ஊசி போடற அம்மா, குழந்தைய இறுக்கிப் பிடிச்சுக்கோங்கன்னுதான் சொன்னாங்க. நானும் பிடிச்சேன். ஆனா அது வீல்னு கத்தினதுல எனக்குக் கை தளர்ந்து போச்சு. ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க, ஊசி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்பறம் அது பழுத்து, காய்ஞ்சு, மறுபடி பழுத்து... மடியில போட்டு ஊதி ஊதியே என் வாய் வறண்டு போச்சு. உலகத்துல ஒரே ஒரு கையிலதான் தம்பி அந்த வால் இருக்கு. இப்ப ரெண்டாவதா இந்த ராஜா கையில இருக்கு.

அட, ஏன் எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. மூடப்போற கடையாம், மேல கோட்டிங்காம். மேல வந்து பேசின பேச்சுலயே உங்க மூக்கு ஓட்டை வரைக்கும் பாத்து முடிச்சாச்சு, டார்ச்சே தேவைப்படல. மார்க் எல்லாம் போடல, பயப்படாதீங்க. பொய் சொல்லத் தெரியாத புள்ளன்னு மட்டும் மனசுல வச்சுக்கிட்டேன். அந்தப் படிய எப்படித் தாண்டணும்னு சொல்லிக் குடுத்தவ, பொய் சொல்லவும் கொஞ்சம் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கலாம்.

ராஜாவா? தொண்ணூத்தெட்டு. விலை சொல்ல மாட்டேன், இது இங்கயே நிக்கட்டும், பேய்க்குப் பக்கத்துல.

நீங்க கீழ போங்க. நான் ஜன்னலச் சாத்தப் போனப்ப உங்க ஃபைபர் ராணி ரெண்டு தும்மல் போட்டுச்சு. அதுக்குச் சின்னதுலேருந்தே தூசி ஆகாது. துணிய எடுத்துவிட்டு, மேல கூட்டிட்டு வாங்க. கையெழுத்து போடற அன்னைக்கு அம்மாவும் வருவான்னு சொல்லுங்க. யாருக்கும் மார்க் போட மாட்டான்னும் சொல்லுங்க. ஆனா அந்த ரெண்டு மார்க் மட்டும் கிடையாதுன்னு சொல்லிடுங்க. வால் வால்தான்.