அளவெடுத்த காது

"காது வளரும்னு நமக்கு யாருங்க சொன்னா?" என்று முன் சீட்டுப் பெண் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ் அப்போதுதான் கீரனூரைத் தாண்டியிருந்தது. அவள் மடியில் ஆறு வயது மகள். கையில் அந்தக் குழந்தைக்கு வாங்கிய காது கேட்கும் மிஷின்.

"டாக்டர் சொன்னாரே. வளர்ற காது, நாலு வயசுல அச்சு எடுத்து, மெட்ராஸ்லேருந்து காதுக்குள்ள வைக்கிற குமிழு வந்த ஒடனே மாட்டணும்னாரே," என்றார் பக்கத்திலிருந்த புருஷன்.

"குத்தாத காதுல எதையும் வைக்கக் கூடாதுன்னது ஒங்க ஆத்தாதானே?"

"ஒன் அண்ணன் மலேயாவுலேருந்து வந்து, மடியில வச்சுத்தான் காது குத்தணும்னு ரெண்டு வருசம் காத்திருந்தது யாரு?"

"இப்பக் குமிழு சின்னதாப் போயி, கழண்டு கழண்டு விழுது. வேற அச்சு எடுக்கலாம்லங்க?"

"எடுக்கலாமாம். ஆனா பேச்சு வர்ற வயசு போயிருச்சுங்கிறாரு டாக்டரு."

அவள் மிஷினைப் பைக்குள் வைத்தாள். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் குனிந்து, "தோடு நல்லாருக்கே பாப்பா, யாரு வாங்கிக் குடுத்தா?" என்றார்.

குழந்தை அவர் வாயையே பார்த்தது.

"மாமா போட்டதுன்னு சொல்லுத்தா," என்றாள் தாய்.